பக்கத்தின் அடியில் ஒரு பூஜ்யம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதில் ஒரே ஒரு கஷ்டம்தான். பிடிக்கவில்லை என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நாங்கள் டிசைனைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார்கள். காபியை ஒரு வாய் குடிப்பார்கள். பிறகு, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்பார்கள். சகிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். "ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க" என்று சொன்னால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

என் பெயர் சோல்வே. மினசோட்டாவின் வடகோடியில், டோர்விக் என்கிற ஏரிக்கரை ஊரில், பல் டாக்டருக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ இருக்கிறது. ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், நானும் தியோவும்தான். தியோ டிசைன் செய்வான், நான் அதை ஓட வைப்பேன். கீழே பல் பிடுங்குகிற சத்தம் கேட்கும்போது நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

தியோ அரிசோனாக்காரன். இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வந்த புதிதில் கழிவுத்தொட்டி சுத்தம் செய்யும் லீராய்க்கு ஒரு சைட் செய்தான். முகப்பில் ரோஜாப்பூ வேண்டும் என்று கேட்டது லீராய்தான். பார்த்துவிட்டு, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார். இவன் உடனே டூசானில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டான். அவன் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். பாவம், அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டோம். லூத்தரன் சர்ச்சின் விருந்து அட்டவணையில் யார் சுட்டுக் கொண்டுவந்த கேசரோல் பதார்த்தத்தின் படம் மேலே வருவது என்று ஆறு வாரம் மௌனச் சண்டை நடந்தது. செத்த மான்களைப் பாடம் செய்து வைக்கும் ஒருத்தர், மவுஸ் போகிற பக்கமெல்லாம் மானின் கண்ணும் திரும்ப வேண்டும் என்றார். செய்து கொடுத்தோம். பார்த்த பிள்ளைகள் அலறின. அவருக்கு மட்டும் பரம திருப்தி.

அப்படித்தான் போன ஜூலையில் மார்லிஸ் டோலஃப்சன் மாடியேறி வந்தார். ஐம்பத்திரண்டு வயது, தனியாள், ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரு கம்பளித் தொப்பி. ஏரி உறைந்ததும் ஐஸ் மேல் வைத்து வாடகைக்கு விடுகிற மீன்பிடிக் குடில்கள் பதினெட்டு அவரிடம் இருந்தன. தரையில் ஓட்டை, ஓரத்தில் அடுப்பு, இரண்டு பெஞ்சு. சனி ஞாயிறானால் தொலைதூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அதற்குள் உட்கார்ந்து, தூண்டிலைப் போட்டுவிட்டு பீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

"தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் மார்லிஸ். "அக்கரை ரிசார்ட்டுக்காரங்க என்னோட தொழிலை வாங்கிக்கிறேன்னு கேக்கறாங்க. கிரெய்க்னு ஒருத்தர், ரொம்ப நல்ல மாதிரி. எனக்கு விக்க மனசில்ல. ஆனா போன வருஷமே பாதி ஆளுங்க அங்க போயிட்டாங்க. அவங்க வெப்சைட் பளபளன்னு இருக்கு. இந்த டிசம்பர் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள சீசனுக்குப் போதுமான பதிவு வந்துட்டா நான் பாட்டுக்கு ஓட்டுவேன். வரலைன்னா கொடுத்துட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்பா காலத்திலிருந்து செய்கிற தொழில். விற்றுவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

அவருடைய பழைய சைட்டைப் பார்த்து தியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். இருபது வருஷத்துக்கு முன்னால் அவருடைய மச்சினர் செய்தது. ஊதா நிறப் பின்னணி, அதில் இடமும் வலமுமாக ஓடுகிற மீன், ஒன்பது விதமான எழுத்து. எல்லாவற்றுக்கும் அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண்பெட்டி மாதிரி ஒன்று, அதில் சின்னதாக ஒரு பூஜ்யம்.

"பாஸ், கவுன்ட்டர் கூட செத்துப்போச்சு" என்று சிரித்தான் தியோ. நானும் சிரித்தேன். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது என்று போடும் பட்டியலில் 'தூக்கு' என்ற பக்கம் அந்தப் பூஜ்யத்தை எழுதியது நான்தான்.

அடுத்த கூட்டத்தில் மார்லிஸ் அதைப் பற்றிப் பேச்செடுத்தார். "அந்த அடியில இருந்த நம்பர்..." என்றார்.

"அது உடைஞ்சிருந்தது மார்லிஸ், எடுத்தாச்சு. இப்பல்லாம் யாரும் அதை வைக்கிறதில்ல" என்றான் தியோ.

"ஓ. அப்படியா. சரி சரி" என்றார் மார்லிஸ்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இரண்டு தடவை 'சரி' சொன்னால் அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு புது டிசைனின் மயக்கத்தில் இருந்தேன். அப்படி ஒரு அழகு! விடியற்காலை ஏரி திரை முழுக்க விரிந்திருக்கும், கீழே தண்ணீர் லேசாக அசையும், நிறைய வெள்ளை இடம், நடுவில் 'முன்பதிவு' என்று ஒரே ஒரு பட்டன். தியோ ஜென்மத்தில் செய்ததிலேயே சிறந்த வேலை.

நவம்பர் கடைசியில் ஏரி உறையத் தொடங்கியது. சைட்டைத் திறந்துவிட்டோம். ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள், புதன்கிழமை, மார்லிஸ் போன் செய்தார்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பட்டன் வேலை செய்யுதான்னு ஒரு சின்ன சந்தேகம்."

"எத்தனை பேர் பதிவு பண்ணியிருக்காங்க?"

"ரெண்டு பேர். அதுல ஒருத்தர் என் மச்சினர். போன வருஷம் இந்நேரம் முப்பதைத் தாண்டியிருந்தது. பரவாயில்ல, உங்களுக்கும் வேலை இருக்கும். கிரெய்க்கிட்ட வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன், அதான்."

எங்கள் ஊர் பாஷையில் இது தீப்பிடித்த வீட்டிலிருந்து வருகிற அலறல்.

பட்டன் ஒழுங்காக வேலை செய்தது. நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். வருகிறவர்கள் பக்கத்தில் எங்கே நிற்கிறார்கள், எங்கே தேடுகிறார்கள் என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டும் படம் ஒன்று எங்களிடம் உண்டு. அதைத் திறந்தான் தியோ. ஆட்கள் வராமல் இல்லை. தினமும் இருநூறு பேர் வந்திருக்கிறார்கள், அதுவும் காலை ஆறரைக்கு மேல் ஏழுக்குள். வந்தவர்கள் அவனுடைய விடியற்காலை ஏரியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று அடிமட்டத்துக்கு இறங்கி, அங்கே கொஞ்ச நேரம் துழாவிவிட்டுப் போயிருக்கிறார்கள். பட்டன் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தின் அடியில் ஒன்றுமே இல்லாத வெள்ளை இடம் இரத்தச் சிவப்பாக எரிந்தது.

"அங்க என்ன இருக்கு பாஸ்? ஒண்ணுமே இல்லையே! வெறும் இடத்தைப் போய் இருநூறு பேர் எதுக்குப் பாக்கறாங்க?"

"எனக்கென்ன தெரியும்? வெள்ளை இடம் வெள்ளை இடம்னு உயிரை விட்டியே, ரசிக்கறாங்களோ என்னவோ" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது, கடைசியில் டுவேன் கடையில் போய் நின்றேன்.

டுவேனிடம் பெட்ரோலும் கிடைக்கும், தூண்டிலுக்குச் சின்ன மீனும் கிடைக்கும், ஊர் விஷயமும் கிடைக்கும். கல்லாவில் சாய்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா சோல்வே, அந்த ரிசார்ட்டுக்கு வெப்சைட் செஞ்சு கொடுத்தியாமே. கெட்டிக்காரிதான்."

"எந்த ரிசார்ட்? நான் எதுவும் செய்யலையே."

"அதான், மார்லிஸை வாங்கிட்டாங்கல்ல."

"வாங்கிட்டாங்களா? யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா என்ன? பாத்தாலே தெரியல? திடீர்னு வெள்ளை வெளேர்னு, ஆஸ்பத்திரி மாதிரி. தண்ணி வேற ஆடுது, டிசம்பர் மாசத்துல! மார்லிஸ் வெச்சிருந்தா தண்ணி ஆடுமா? நம்பரையும் காணோம். அப்புறம் என்ன, கை மாறிடுச்சுன்னு எல்லாரும் புரிஞ்சுகிட்டாங்க. பாவம், அந்தப் பொண்ணைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்னு யாரும் போன் பண்ணல."

"நில்லுங்க. எந்த நம்பர்?"

ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டது போல என்னைப் பார்த்தார் டுவேன். "ஐஸ் நம்பர்மா! நீ இந்த ஊர்தானே? காலைல ஆறரைக்கு டான்னு போட்டுடுவா, ஏரியில இன்னிக்கு ஐஸ் எத்தனை அங்குலம்னு. மூணு இடத்துல துளை போட்டுப் பாத்து, அதுல கம்மியானதைத்தான் எழுதுவா. பத்துக்குக் கீழ இருந்தா ஒருத்தரையும் ஏத்த மாட்டா. மினியாபொலிஸ்காரன்கூட அதைப் பாத்துட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். அவகிட்ட குடில் எடுக்காதவனும் அதைத்தான் பாப்பான்."

"ஜூலைல?" என்றேன்.

"ஜூலைல என்னத்தைப் போடுவா? பூஜ்யம்தான்."

நான் மீன் பிடிக்காதவள். எங்கள் வீட்டில் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். இந்த ஊரில் அது வெளியே சொல்லிக்கொள்கிற சமாசாரம் இல்லை. குளிர்கால வியாபாரத்துக்குக் கோடைக்காலத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்ட என் அறிவை நினைத்து, காரில் ஏறித் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஸ்டூடியோ வாசலில் தியோவை அள்ளிப் போட்டுக்கொண்டு நேராக மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்கார வைத்து, காபி ஊற்றி, எலுமிச்சை கேக் துண்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்த பிறகுதான் எங்களைப் பேச விட்டார்.

"அது உடைஞ்ச கவுன்ட்டர் இல்ல, ஐஸ் கணக்குன்னு ஏன் மார்லிஸ் சொல்லல?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா செஞ்சீங்க. தம்பியும் இப்பல்லாம் யாரும் அதை வைக்கிறதில்லன்னு சொன்னாரா. புது சைட்ல அதெல்லாம் முடியாது போலன்னு நினைச்சுகிட்டேன்."

தியோவின் முகம் தொங்கிவிட்டது.

"எங்க மேல கோபமா?" என்று கேட்டேன்.

"சேச்சே, இல்ல."

"மார்லிஸ்."

"கொஞ்சம்."

"மார்லிஸ்!"

அவர் கேக் கத்தியைக் கீழே வைத்தார். "பத்து நாளா தூக்கமில்ல. காலைல எழுந்து துளை போட்டு அளந்துட்டு வந்து, போடறதுக்கு இடமில்லாம காலண்டர்ல எழுதிக்கிட்டிருக்கேன். கோபம்தான். நல்லாவே கோபம்." சொல்லி முடித்ததும் அவருக்கே திகைப்பாக இருந்தது. "இன்னொரு துண்டு எடுத்துக்கோங்க" என்று தட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தோம். தியோவுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. ஐஸ் வளர வளர நிறம் மாறுகிற வட்டம், உள்ளே ஏறி இறங்குகிற கோடு என்று ஆரம்பித்தான். "தியோ, ஒரு பெட்டி, ஒரு நம்பர், பக்கத்துல எழுத ஒரு வரி. அவ்வளவுதான்" என்று அதட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தான். மார்லிஸ் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மேலயே இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியும். அப்புறம்..." என்று இழுத்தார். நாங்கள் வாயைத் திறக்காமல் காத்திருந்தோம். "அந்தத் தண்ணி அசையறது பிடிக்கல."

பன்னிரண்டு வருஷத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் என் முன்னால் சொன்ன முதல் 'பிடிக்கல'. எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தியோ ஏரியை அசையாமல் நிறுத்தினான்.

மறுநாள் முழுக்க எல்லாவற்றையும் சரிபார்த்தோம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் நம்பரைப் போடுகிற சடங்குக்கு நாங்களும் மார்லிஸ் கூட ஏரிக்குப் போனோம். தியோ அதுவரை ஐஸ் மேல் காலே வைத்ததில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாத்து மாதிரி வந்தான். "இது உடையுமா? சத்தம் வருதே! சத்தம் வந்தா ஓடணுமா, நிக்கணுமா?"

"பேசாம இருந்தா போதும்" என்றார் மார்லிஸ்.

முதல் துளை ஒன்பது. இரண்டாவது ஒன்பதரை. எனக்கு நம்பிக்கை வந்தது. ரிசார்ட் பக்கத்து முனையில் போட்ட மூன்றாவது துளையில் அளவுகோலை விட்டவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். "ஏழு" என்றார்.

மூவரும் சமையலறைக்குத் திரும்பினோம். அடுத்த நாள் சனிக்கிழமை. சீசனின் முதல் பெரிய நாள். ரிசார்ட்டில் ஆள் ஏற்றப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். ஒன்பது என்று போட்டுவிட்டு, 'நாளைக்குள் பத்தாகிவிடும்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது. மார்லிஸ் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டினார்.

'ஐஸ் 7. நாளைக்கும் நாளை மறுநாளும் யாரையும் கூட்டிப் போக மாட்டேன். வீட்டில் இருங்கள். பத்து வந்ததும் சொல்கிறேன். நான் யாருக்கும் விற்கவில்லை. மார்லிஸ்.'

"பாஸ்" என்று என் காதோரம் குனிந்தான் தியோ, "வர்றவங்களைத் திருப்பி அனுப்பறதுக்கா நாம இதை ரிப்பேர் பண்ணோம்?"

மார்லிஸ் அடுப்பைப் பற்றவைத்து அப்பம் ஊற்ற ஆரம்பித்தார். எட்டு மணிக்கு கிரெய்க் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாராம். அதை எதற்கோ இரண்டு தடவை சொன்னார்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லேப்டாப்பில் மணி அடித்தது. தியோ பாய்ந்தான்.

"பிரெய்னர்ட்ல இருந்து ஒருத்தர். ஜனவரி ரெண்டாவது வாரம், மூணு குடில். குறிப்பு எழுதியிருக்காரு: 'ஏழுன்னு சொல்றதுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? எங்க பசங்களையும் கூட்டிட்டு வரேன்.'"

மார்லிஸ் திரும்பவில்லை. தோசைத் திருப்பி மட்டும் கையில் அப்படியே நின்றது. மறுபடி மணி. மறுபடி. பசங்களோடு, மாமனாரோடு, ஆபீஸ் கூட்டத்தோடு. ஒருத்தர் மறுநாளுக்கு ரிசார்ட்டில் எடுத்த இடத்தை ரத்து செய்துவிட்டதாகவும், பத்து வந்ததும் இங்கேயே வருவதாகவும் எழுதியிருந்தார். இன்னொருத்தர், மார்லிஸ் விற்றுவிட்டதாக நினைத்து, துக்க வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி தன் மனைவி ஒரு கேசரோல் செய்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள், அதை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தியோ ஒவ்வொன்றையும் நாடகம் மாதிரி உரக்கப் படித்தான். எட்டு மணிக்குள் இருபத்திரண்டு. ஜனவரியின் முதல் இரண்டு சனிக்கிழமைக்கும் ஒரு குடில்கூட மிச்சமில்லை. அப்பம் கருகுகிற வாசனை வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரியாக எட்டுக்குப் போன் அடித்தது. மார்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"குட் மார்னிங் கிரெய்க். நல்லா இருக்கேன். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ... ஆமா, யோசிச்சேன்." கண்ணை மூடிக்கொண்டார். "விக்கல. ... இல்ல, விலைக்காக இல்ல. ... இல்ல, வசந்த காலத்துல மறுபடி பேச வேண்டாம். ... இல்ல கிரெய்க். இல்ல. அப்புறம் உங்க பக்கத்து முனையில ஏழுதான் இருக்கு, நாளைக்கு ஆள் ஏத்தாதீங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"ரொம்ப முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டேனோ?" என்றார். "பாவம், நல்ல மனுஷன். திருப்பிக் கூப்பிட்டு ஒரு மன்னிப்பு கேட்டுடவா?"

"வேண்டாம்!" என்று நானும் தியோவும் ஒரே நேரத்தில் கத்தினோம்.